கிரகணமும் பிளந்த உதடும்

(சுயமரியாதைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பெரிய அரசியல் விஷயமல்ல. மோட்ச நரக விசாரமும் அல்ல. ஒரு வீட்டில் ஒரு குழந்தை மேலுதடு பிளந்து பிறந்துவிட்டால் அந்த வீட்டார் என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இது கூட்டம் போட்டுப் பேசவேண்டிய சங்கதியா, ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளவேண்டிய சங்கதியல்லவா என்று சிலருக்குத் தோன்றலாம். எல்லோரும் முதலில் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்வதாயிருந்தால் எனக்கு இங்கு வேலையே இல்லை. நம்மவரில் பலர் முதலில் கேட்பது ஜோசியரை, பிறகு கோடாங்கியை, பிறகு பூசாரியை, கடைசியாகத்தான் டாக்டரை. அதற்குள் குழந்தை பால் இறங்காமல் வற்றிப்போய் விடுகிறது. ஆகவேதான் இது நம் இயக்கத்தின் வேலையாகிறது.

உலகத்தில் சுமார் 700 குழந்தைகளுக்கு 1 குழந்தை வீதம் உதடோ, வாயின் மேல் அண்ணமோ, இரண்டுமோ பிளந்து பிறக்கின்றது. அப்படியானால் இது ஏதோ எங்கோ ஒரு வீட்டில் நடக்கிற அதிசயமல்ல. நம் தாலூகாவில் ஆண்டுதோறும் சில வீடுகளில் நடந்துகொண்டுதான் இருக்கும். வெளியில் தெரியாததற்குக் காரணம், குழந்தையைத் துணி போட்டு மூடி அறைக்குள் வைத்துவிடுகிறோம் என்பதுதான்.

குறை குழந்தைக்கு, பழி தாய்க்கு

இந்தக் குழந்தை பிறந்தவுடன் வீட்டில் நடக்கிற முதல் காரியம் என்ன? குழந்தையை டாக்டரிடம் காட்டுவதா? இல்லை. தாயை விசாரிப்பதுதான். "கிரகணத்தன்று வெளியில் வந்தாயா? அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்கினாயா? ஊசி நூல் தொட்டாயா? வெற்றிலையைக் கிள்ளினாயா?" என்று கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். பிரசவித்து மூன்று நாள்கூட ஆகாத பெண், குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவளைப்போல் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லவேண்டும். தகப்பனை ஒருவராவது ஒரு கேள்வி கேட்பதுண்டா? அவன் கிரகணத்தன்று எங்கே இருந்தான், என்ன வெட்டினான் என்று யாரும் விசாரிப்பதில்லை. குழந்தை இருவருக்கும் பிறந்ததாம். குறை மாத்திரம் அவளுக்குப் பிறந்ததாம்! இது என்ன நியாயம் என்று கேட்கிறேன்.

காய் நறுக்கியதற்குக் குழந்தையின் உதடு ஏன் அறுபடவேண்டும்? கத்தரிக்காய்க்கும் குழந்தையின் வாய்க்கும் என்ன உறவு? காய் நறுக்கின தாய்மார்களுக்கெல்லாம் உதடு பிளந்த பிள்ளை பிறப்பதாயிருந்தால், ஏழை வீட்டில் ஒரு முழு உதடு மிஞ்சியிருக்காது. கிரகணத்தன்று எத்தனையோ பெண்கள் வயலில் களை பறித்தார்கள், கல் உடைத்தார்கள், சாலையில் தார் ஊற்றினார்கள். அவர்களை அறைக்குள் படுக்கவைக்க யாரும் வரவில்லை. அவர்கள் பிள்ளைகளெல்லாம் என்னவாயின?

கிரகணத்தின் கணக்கு

இப்போது கணக்குப் பார்ப்போம். தாயின் வயிற்றில் குழந்தையின் முகம் எப்படி உண்டாகிறது என்பதை உடற்கூறு சாஸ்திரம் படித்தவர்கள் நன்றாய்க் கண்டிருக்கிறார்கள். இடப்பக்கமிருந்தும் வலப்பக்கமிருந்தும் சதை வளர்ந்துவந்து நடுவில் வருகிற சதையோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. அதுதான் நம் மேலுதடு. மூக்குக்குக் கீழே நம் எல்லோருக்கும் இருக்கிற சிறு பள்ளமும் அதன் இரண்டு கரைகளும் அந்தச் சேர்க்கை நடந்த இடத்தின் அடையாளம். இந்தச் சேர்க்கை கர்ப்பத்தின் 4-ஆவது வாரத்துக்கும் 7-ஆவது வாரத்துக்கும் இடையில் நடந்துவிடுகிறது. அண்ணம் 6-ஆவது வாரத்துக்கும் 9-ஆவது வாரத்துக்கும் இடையில் சேர்ந்துவிடுகிறது. சேரவேண்டியது சேராமல் நின்றுபோனால் அதுவே பிளவு. ஒன்றாயிருந்த உதட்டை யாரோ வந்து கிழித்துவிடவில்லை. சேரவேண்டிய இரண்டு கரைகள் சேரவில்லை, அவ்வளவுதான்.

அப்படியிருக்க, வளைகாப்புப் போட்டு ஏழாம் மாதம் நடக்கும்போது வந்த கிரகணம், இரண்டாவது மாதத்திலேயே முடிந்துபோன உதட்டை எப்படிப் பிளக்கும்? தான் கர்ப்பமாயிருப்பதே பல பெண்களுக்குச் சரியாய்த் தெரியாத நாட்களில் நடந்து முடிந்த காரியத்துக்கு, ஐந்து மாதம் கழித்து வந்த சூரியன்மேலும் சந்திரன்மேலும் வழக்குப் போடுவது எந்த ஊர் சட்டம்?

"சரி, இரண்டாவது மாதத்தில் கிரகணம் வந்திருந்தால்?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நல்ல கேள்விதான். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி நம் நாட்டில் கோயமுத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை முதலிய ஊர்களில் சூரியன் வளையமாய்த் தெரிகிற கிரகணம் உண்டாயிற்று. மற்ற மாவட்டங்களிலும் பெரும் பகுதி மறைந்தது. அன்று இந்த நாட்டில் இரண்டாவது மாதக் கர்ப்பிணிகள் ஏராளம் பேர் இருந்திருப்பார்கள். கிரகணமே காரணமாயிருந்தால் அடுத்த ஆடி ஆவணியில் ஆஸ்பத்திரிகள் உதடு பிளந்த குழந்தைகளால் நிரம்பி வழிந்திருக்க வேண்டும். கிரகணம் தெரியாத வருஷங்களில் அப்படி ஒரு குழந்தைகூடப் பிறந்திருக்கக் கூடாது. ஆனால் நடப்பது என்ன? கிரகணம் வந்தாலும் வராவிட்டாலும் வருஷா வருஷம் இக்குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கிரகணத்தைத் திருவிழாப்போல் கூட்டம் கூடிப் பார்க்கிற ஐரோப்பாவிலும் பிறக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தர்ப்பைப் புல் போட்டு உட்கார்ந்திருக்கிற நம் நாட்டிலும் பிறக்கிறார்கள். அப்படியானால் இத்தனை காலம் சாத்தின கதவினால் கண்ட பலன் என்ன? கர்ப்பிணிப் பெண்ணைச் சோறு தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் வாடவைத்ததுதான் பலன்.

வெறும் கண்ணால் சூரியனைப் பார்த்தால் கண் கெடும். அதற்கென்று செய்த கண்ணாடி வேண்டும். அது கர்ப்பிணிக்கும் உண்டு, குருக்களுக்கும் உண்டு. அதற்கும் உதட்டுக்கும் சம்பந்தமில்லை.

கர்மம் என்னும் புளுகு

கிரகணம் போனால் அடுத்தபடி கர்மத்தைக் கொண்டுவருவார்கள். பூர்வ ஜன்மத்துப் பாவம் என்பார்கள். இது கிழவிகள் கட்டிவிட்ட கதையென்று நினைக்காதீர்கள். மனுதர்ம சாஸ்திரம் 11-ஆம் அத்தியாயத்தில், குருடாயும் செவிடாயும் ஊமையாயும் உறுப்புக் கோணலாயும் பிறப்பது முன் செய்த பாவத்தின் மிச்சம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? 9-ஆம் அத்தியாயத்தில், பிறவிக் குருடனுக்கும் செவிடனுக்கும் ஊமைக்கும் அங்கக் குறையுள்ளவனுக்கும் தகப்பன் சொத்தில் பங்கு இல்லை என்றும் எழுதினார்கள். முதலில் பாவி என்று சொல்லுவது. பிறகு பங்கைப் பிடுங்கிக்கொள்வது. பாவத்தின் கணக்கு எங்கே போய் முடிகிறது பாருங்கள்! வைத்தியன் கொடுக்கிற சோற்றையும் 4-ஆம் அத்தியாயத்தில் தீண்டத்தகாத சோறுகளின் வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். நோயாளியைப் பாவி என்றும், நோயைத் தீர்க்கிறவனை அசுத்தன் என்றும் சொன்ன நாட்டில் வைத்தியம் எப்படி வளரும்?

பிறந்து ஒரு நாளான குழந்தை என்ன பாவம் செய்தது? செய்தது வேறு உடம்பு என்றால், தண்டனை இந்த உடம்புக்கு ஏன்? இன்னொன்றும் கேட்கிறேன். கடவுள் தீர்ப்பளித்து அனுப்பிய உதட்டை ஒரு டாக்டர் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தைத்துச் சேர்த்துவிடுகிறாரே, இவர்கள் இருவரில் யார் பெரியவர்? ஊசிக்கும் நூலுக்கும் அழிந்துபோகிற கர்மம் என்ன கர்மம்?

சீன தேசத்தில் சுமார் 390-ஆம் ஆண்டில் வெய் யோங்ஜி என்ற ஏழைக் குடியானவரின் மகனுக்கு உதடு பிளந்திருந்தது. அவர் தமது 18-ஆம் வயதில் ஓர் அதிகாரியிடமிருந்த வைத்தியரைத் தேடிப் போனார். வைத்தியர் உதட்டை அறுத்துத் தைப்பதாகவும், 100 நாள் கஞ்சி மட்டும் குடித்துப் பேசாமலும் சிரிக்காமலும் இருக்கவேண்டும் என்றும் சொன்னார். வாலிபர் அப்படியே இருந்து குணமடைந்தார். பிற்காலத்தில் தாமே ஒரு மாகாணத்துக்கு அதிகாரியானார். சுமார் 1,600 வருஷங்களுக்கு முன் மயக்க மருந்து இல்லாத காலத்தில் ஒரு குடியானவர் மகனுக்கு இருந்த துணிச்சல், டவுன் பஸ்ஸில் ஏறினால் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கக்கூடிய நமக்கு இல்லையென்றால் வெட்கமல்லவா?

உண்மைக் காரணம்

அப்படியானால் காரணந்தான் என்ன? பரம்பரையாய் வருகிற கூறுகள் ஒன்று. கர்ப்பகாலத்தில் புகையிலை, கட்டுப்படாத நீரிழிவு, வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவை மற்றொன்று. பெரும்பாலான குழந்தைகளிடத்தில் இன்னதுதான் காரணமென்று தனியாய்ப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. டாக்டர் "காரணம் தெரியவில்லை" என்று சொன்னால், "பார்த்தாயா, அவருக்கே தெரியவில்லை" என்று பூசாரியிடம் ஓடாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதுதான் அறிவின் யோக்கியதை. எல்லாம் தெரியும் என்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாய் இருக்கவேண்டும். வலிப்பு நோயுள்ள பெண்கள் இதைக் கேட்டுவிட்டு மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பிள்ளை பெற எண்ணும்போதே டாக்டரிடம் சொல்லி யோசனை கேட்கவேண்டும்.

இன்னொரு விஷயம். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று இரத்த உறவிலேயே மணம் முடிப்பதனால் பிறவிக் குறைகள் பல அதிகப்படுகின்றன என்பது நன்றாய் ஆராய்ந்து கண்ட முடிவு. உதட்டுப் பிளவெல்லாம் இதனால்தான் வருகிறதென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் சொத்து வெளியே போகக்கூடாது, சாதி வெளியே போகக்கூடாது என்று உள்ளுக்குள்ளேயே முடிச்சுப் போடுகிறவர்கள், சொத்தோடு நோயையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறார்கள் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

முதல் வைத்தியம் பால்

நிற்க. குழந்தை பிறந்துவிட்டது, என்ன செய்வது? முதல் வேலை பால் புகட்டுவது. இந்தக் குழந்தைகளில் சாகிறவை பிளவினால் சாவதில்லை; பசியினாலும் நுரையீரலில் பால் இறங்கி வருகிற காய்ச்சலினாலும்தான் சாகின்றன. உதடு மட்டும் பிளந்த குழந்தை பெரும்பாலும் தாய்ப்பாலைச் சப்பிக் குடித்துவிடும். அண்ணம் பிளந்திருந்தால் வாயும் மூக்கும் ஒன்றாகிவிடுவதால் உறிஞ்சும் சக்தி வராது. குழந்தை வெறுமனே வாயை அசைத்து அசைத்துக் களைத்துத் தூங்கிவிடும். தாய், வயிறு நிறைந்ததென்று எண்ணிக்கொள்வாள்.

இப்படிப்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாலாடையிலோ கரண்டியிலோ சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டும். குழந்தையைப் படுக்கவைத்துக் கொடுக்கக் கூடாது. தலை உயர்ந்திருக்கும்படி ஏறக்குறைய உட்காரவைத்த நிலையில் பிடித்துக்கொள்ளவேண்டும். நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யவேண்டும். காற்று நிறைய உள்ளே போகிற குழந்தை இது. கொஞ்சம் பால் மூக்கு வழியாய் வந்தால் பயப்படவேண்டாம். நிறுத்தித் துடைத்துவிட்டு மறுபடி கொடுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு சங்கில் ஊற்றுகிற வழக்கத்தை அடியோடு விட்டுவிடவேண்டும். அது கொலைக்குச் சமானம். வாரம் ஒரு முறை எடை போட்டுப் பார்க்கவேண்டும். எடை ஏறுகிறதா என்பதுதான் குழந்தையின் ஜாதகம். அதைத்தான் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். இதை ஊரிலுள்ள சுகாதார செவிலியரே சொல்லிக்கொடுப்பார். தகப்பனும் கற்றுக்கொள்ளவேண்டும். பாலாடை பிடிக்க மீசை ஒன்றும் தடையல்ல.

கத்தியும் ஊசியும்

உதட்டுக்குச் சாதாரணமாய் 3 மாதம் முதல் 6 மாதத்துக்குள் ஆப்பரேஷன் செய்கிறார்கள். வயது 10 வாரம், எடை 10 பவுண்டு அதாவது சுமார் 4½ கிலோ, இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம் என்பது டாக்டர்களிடையே வெகுகாலமாய் வழங்கும் கணக்கு. அண்ணத்துக்குச் சுமார் 9 மாதம் முதல் 18 மாதத்துக்குள் செய்கிறார்கள். அதற்கு முன் இருதயத்திலோ வேறு உறுப்பிலோ குறை உண்டா என்றும் சோதிப்பார்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் தள்ளிவைப்பார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே பாலை நிறுத்தச் சொல்லுவார்கள். அப்போது குழந்தை அழும். பாட்டிக்கு மனம் பொறுக்காது. டாக்டருக்குத் தெரியாமல் இரண்டு வாய் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அந்த இரண்டு வாய்ப் பால் மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்பு என்பது அழுகையை நிறுத்துவது மட்டுமல்ல. காரணம் தெரிந்து அழுகையைப் பொறுப்பதும் அன்புதான்.

இதில் நம்மவர்கள் செய்கிற பெருந்தீங்கு ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தால், அன்று அஷ்டமி, அன்று கரிநாள், ஆடி போகட்டும், மார்கழி கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போவது. பேச்சு நாள் பார்த்துக்கொண்டு நிற்காது. குழந்தை பேசப் பழகுகிற காலத்துக்கு முன் அண்ணம் மூடப்படாவிட்டால், சொல்லெல்லாம் மூக்கில் போய்ப் பழகிவிடும். பிறகு தைத்தாலும் அந்தப் பழக்கத்தை மாற்றுவது வெகு கஷ்டம். பஞ்சாங்கத்துக்குப் பயந்து நாம் விழுங்குவது குழந்தையின் வாழ்நாள் பேச்சை!

"பிளாஸ்டிக் சர்ஜரி" என்ற பெயரைக் கேட்டு, ரப்பரையோ பிளாஸ்டிக்கையோ ஒட்டிவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது உருவாக்குதல் என்ற அர்த்தமுள்ள கிரேக்கச் சொல். குழந்தையின் சொந்தச் சதையையேதான் திருப்பி இழுத்துச் சேர்த்துத் தைக்கிறார்கள்.

செலவு

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 2013-ஆம் ஆண்டு முதல் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்கிரம் என்ற சர்க்கார் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டுபிடித்து இலவசமாய்ச் சிகிச்சை செய்ய ஏற்பாடு இருக்கிறது. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, வளைந்த பாதம், பிறவி இருதயக் கோளாறு முதலியவை அந்தப் பட்டியலில் உண்டு. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. 1999-இல் ஏற்பட்ட ஸ்மைல் டிரெயின் என்ற ஸ்தாபனம் பல ஆஸ்பத்திரிகள் மூலம் இந்த ஆப்பரேஷனைத் தன் செலவில் செய்விக்கிறது. பரிகாரத்துக்குத்தான் இலவசம் கிடையாது. ஆட்டுக்கும் கோழிக்கும் அரைப்பவுன் உதட்டுக் காணிக்கைக்கும் உங்கள் மடியைத்தான் அவிழ்க்கவேண்டும்!

தைத்தபின்

தையல் பிரித்தவுடன் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அண்ணப் பிளவுள்ள குழந்தைகளுக்குக் காதுக்குள் நீர் கோத்துக் கேள்வி மந்தமாகக் கூடும்; சோதிக்கவேண்டும். பேச்சுப் பயிற்சி வேண்டும். ஈறு பிளந்திருந்தால், பல் விழுந்து முளைக்கிற வயதில் எலும்பு வைத்து அடைக்கவேண்டியிருக்கும். ஆகவே இது ஒருநாள் வேலையல்ல. பத்துப் பதினைந்து வருஷ வேலை. பெண் குழந்தையானால் "இவளுக்கு இவ்வளவு எதற்கு" என்று பாதியில் நிறுத்துகிறார்கள். ஆண் குழந்தைக்குத்தான் வாயா? பெண் குழந்தைக்கு வாய் இருந்து அது பேசிவிடப்போகிறதே என்ற பயமா?

பள்ளிக்கூடத்தில் "மூளி" என்று கூப்பிடுகிற பையனைத் திருத்துவது வாத்தியார் கடமை. வீட்டில் அப்படிக் கூப்பிடுகிற பெரியவர்களைத் திருத்துவது உங்கள் கடமை.

கைக்குச் சாதி உண்டா?

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். இருதயக் கோளாறினால் உடம்பு நீலம் பாய்ந்து பிறக்கும் குழந்தைகளை முன்காலத்தில் சாகவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. 1944-ஆம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிளேலக் அதற்கு முதல் ஆப்பரேஷன் செய்தார். அந்த யோசனையைக் கொண்டுவந்தவர் ஹெலன் டாசிக் என்ற பெண் டாக்டர். பெண் என்பதால் ஹார்வர்டில் பட்டம் மறுக்கப்பட்டவர். காதும் சரியாய்க் கேளாதவர். ஆராய்ச்சிச் சாலையில் நாய்களிடத்தில் அந்த முறையைச் செய்து செய்து தேர்ந்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பினத் தோழர். தச்சுத் தொழிலாளியின் மகன். பணமில்லாமல் டாக்டர் படிப்புக் கிடைக்காதவர். முதலில் அவர் வேலை பார்த்த இடத்தில் அவரைத் துப்புரவுக்காரர் கணக்கில் வைத்துத்தான் சம்பளம் கொடுத்தார்கள். ஆப்பரேஷன் அன்று அவர் பிளேலக்கின் பின்னால் ஒரு பலகைமேல் நின்று இப்படித் தையுங்கள், அப்படித் தையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். அந்த முதல் குழந்தை சில மாதங்களே உயிரோடு இருந்தது. ஆனால் அதனால் திறந்த வழியில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தன. தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் 1976-இல்தான் கிடைத்தது.

பெண் என்றும், கறுப்பன் என்றும், செவிடு என்றும் தள்ளப்பட்டவர்களின் அறிவு சேர்ந்துதான் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றிற்று. நம் நாட்டில் சாதியின் பேரால் இப்படி எத்தனை கைகளை மாடு மேய்க்கவும் மலம் அள்ளவும் விட்டுக் கெடுத்தோம் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தக் கைகள் எத்தனை உதடுகளைத் தைத்திருக்கும்!

ஆகவே தோழர்களே! உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை பிறந்ததாய்க் கேள்விப்பட்டால், துக்கம் விசாரிக்கப் போகாதீர்கள். போய், முதலில் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, "இது உன் குற்றமல்ல" என்று நாலு பேர் காதில் விழும்படி உரக்கச் சொல்லுங்கள். பிறகு குழந்தை பால் குடிக்கிறதா என்று கேளுங்கள். பிறகு தகப்பனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த மூன்றையும் செய்கிறவரே சுயமரியாதைக்காரர்.